தரையின் தலையெழுத்து

தரை நமக்குக் கீழே இருப்பதாலோ என்னவோ, அதைப் பற்றி நாம் உயர்வாக நினைப்பதே இல்லை. வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள். குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். சமையல் மேடை எத்தனை அடி என்று சாண் போட்டு அளக்கிறார்கள். தரையை மட்டும் ஒரு மிதி மிதித்து விட்டு மேலே போய் விடுகிறார்கள். அந்தத் தரையின் மீதுதான் காலமெல்லாம் நடக்க வேண்டும் என்பது குடி வந்த பிறகுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

என் பிறந்த வீட்டில் காவி போட்ட சிமெண்ட் தரை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் அதில் முகம் பார்க்கலாம். புகுந்த வீட்டில் கடப்பைக் கல். சித்திரை மாதத்து மத்தியானத்தில் அதன் மேல் வெறுமனே படுத்தால் சொர்க்கம். பிறகு வாடகை வீடுகளில் மொசைக். அதற்குப் பிறகு வழவழவென்று டைல்ஸ். இவையெல்லாம் ஒரு தரம் போட்டால் போட்டதுதான். மட்டம் சரியில்லை என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பாயைச் சுருட்டுகிற மாதிரி எடுத்து, அடியில் பெருக்கித் துடைத்து, மறுபடி விரிக்கக்கூடிய தரையும் உலகத்தில் உண்டு என்பதை என்னுடைய அறுபத்திரண்டாவது வயதில் கண்டேன்.

அதற்கு லாமினேட் என்று பெயர். கடையில் 'மரத் தரை' என்று சொல்லி விற்பார்கள். முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அடுக்குச் சப்பாத்தி மாதிரி அதில் நாலு அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. தேய்மானம் தாங்குவதற்காக அதில் அலுமினியம் ஆக்ஸைடு கலந்திருக்கும். அதன் கீழே ஒரு காகிதம். அதில்தான் மரத்தின் ரேகை அச்சடித்திருக்கும். அதாவது நாம் பார்ப்பது மரத்தை அல்ல, மரத்தின் போட்டோவை! அதற்கும் கீழே மர நாரை அரைத்துப் பிசின் சேர்த்து அழுத்தின கெட்டிப் பலகை. கடைசியில் பலகை வளையாமலிருக்க அடியில் ஓர் ஒட்டுத்தாள். எல்லாம் சேர்ந்து 8 மில்லி மீட்டர் கனம், அவ்வளவுதான்.

இதை 1977-ஆம் வருஷம் ஸ்வீடன் தேசத்தில் கண்டுபிடித்தார்கள். ஆரம்பத்தில் ஒரு பலகையையும் அடுத்த பலகையையும் பசை போட்டுத்தான் ஒட்டினார்கள். 1990-களின் பிற்பகுதியில் பசை இல்லாமலே ஒன்றின் நாக்கை மற்றொன்றின் பள்ளத்தில் சாய்த்துச் செருகி, 'க்ளிக்' என்று மாட்டுகிற முறை வந்தது. எங்கள் கதையே இந்த 'க்ளிக்'கில்தான் இருக்கிறது. மாட்டத் தெரிந்ததைக் கழற்றவும் முடியுமல்லவா?

*

மாம்பலத்தில் நாங்கள் வாங்கின வீடு இரண்டாவது மாடியில், பழைய கட்டடத்தில் இருக்கிறது. முன்பு அதில் இருந்தவர்கள் படுக்கை அறைக்கும் அதை ஒட்டினாற்போல் இருந்த சின்னப் படிக்கும் அறைக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்து விட்டு, 14 அடிக்கு 12 அடி என்று ஒரே அறையாக்கியிருந்தார்கள். அதன் மேல் இந்த லாமினேட்டைப் போட்டிருந்தார்கள். பார்ப்பதற்குத் தேக்கு மரம் தோற்றது. ஆனால் ஜன்னலுக்கு நாலைந்து அடி முன்னால் கால் வைத்தால் தரை லேசாக உள்ளே அமுங்கி, 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு மேலே வரும். எங்களுக்கு இது வாங்கும்போதே தெரியும். விலையில் அதற்காகக் கொஞ்சம் குறைத்துக் கொண்டுதான் கொடுத்தார்கள்.

"வயசான தரை. முழங்கால் சத்தம் போடுகிறது" என்று என் கணவர் தமாஷாகச் சொல்வார். நானும் சிரித்து விட்டுச் சும்மா இருந்திருப்பேன். என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

அத்தைக்கு வயது எண்பத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்பு, பழைய வீட்டில், குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து விட்டது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. "தினம் நடக்க வேண்டும் அம்மா. உட்கார்ந்து விட்டால் உட்கார்ந்ததுதான்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாலு கால் வாக்கரைப் பிடித்துக் கொண்டு அத்தையும் சமர்த்தாக நடந்து கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவருக்காகவே ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டோம். கீழே தெருவில் காய்கறி வண்டி, பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள், எதிர் வீட்டு மாடியில் உலர்த்தும் வடாம் எல்லாம் அங்கிருந்து தெரியும்.

வந்த ஒரு மாதத்தில் அத்தை ஜன்னலுக்குப் போவதை நிறுத்தி விட்டார்.

நான் கேட்டேன். "தெருவிலே என்னம்மா அப்படிப் பெரிய காட்சி இருக்கு? இங்கேயே இருக்கேன்" என்றார். நாற்காலி கட்டில் பக்கத்துக்கு வந்து விட்டது. காரணம் எனக்கு ஒரு நாள் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஹாலிலிருந்து பார்த்தேன். அத்தை வாக்கரை நகர்த்திக் கொண்டு அந்த இடம் வரைக்கும் வந்தார். வாக்கரின் முன்கால் இரண்டும் பட்டதும் பலகை அமுங்கிற்று, 'டக்' என்றது. அத்தையின் கை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. அப்படியே நின்றார். பிறகு மெள்ளப் பின்னால் திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து கொண்டார். ஒரு தரம் விழுந்தவர்களுக்குத்தான் தெரியும், கால் அங்குலம் அமுங்குவது எவ்வளவு பெரிய பள்ளம் என்று.

அன்று ராத்திரியே என் கணவரிடம் சொன்னேன், "என்னங்க, இந்தத் தரையைச் சரி பண்ணித்தான் ஆகணும்."

*

முதலில் வந்து பார்த்தவர் தரை விரிப்பு விற்கிறவர். பேர் சொல்ல வேண்டாம். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டுப் புதுசு போட்டுடலாம். பழசைக் கழற்றினால் உடைஞ்சு போயிடும்" என்று சொல்லி, ஒரு தொகையும் சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டதும் எங்களுக்குத்தான் தரை அமுங்கிற்று.

இரண்டாவது வந்தவர், "அடியிலே இன்னொரு சுருள் ஸ்பாஞ்சு விரிச்சுட்டா மெத்துன்னு ஆயிடும்" என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெத்தென்று ஆகக் கூடாது என்பதுதானே நம்முடைய கவலை! பலகைகளின் அடியில் இரண்டு, மூன்று மில்லி மீட்டர் கனத்தில் ஒரே ஒரு விரிப்பு இருக்க வேண்டும். அதற்கு மேல் மெத்தை போட்டால் மிதிக்கும்போதெல்லாம் பலகை ஆடி ஆடி, அந்த நாக்கும் பள்ளமும் சேருகிற இடம்தான் முறியும்.

மூன்றாவதாக வந்தார் ஓர் ஆசாரி. ஐம்பது வயதிருக்கும். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றி விட்டு, வெறுங்காலோடு அறை முழுவதும் இரண்டு தரம் நடந்தார். சுவரோரத்துக் கட்டையைக் கொஞ்சம் நெம்பிப் பார்த்தார். பிறகு, "அம்மா, இது பசை போட்ட தரை இல்லே. க்ளிக் தரை. பொறுமையா எடுத்தா முக்கால்வாசிக்கு மேலே பிழைக்கும். ஆனா பலகையிலே கோளாறு இல்லே. கீழே தரையிலேதான் கோளாறு. கொத்தனாரும் வரணும்" என்றார். வைத்தியர் நாடி பிடித்துச் சொன்ன மாதிரி இருந்தது. அவரிடமே வேலையை ஒப்படைத்தோம்.

"ஒரே ஒரு நிபந்தனைம்மா. எந்தப் பலகை எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போகணும். சுவரோரத்துத் துண்டெல்லாம் அந்தந்த இடத்துக்கு அளந்து வெட்டினது. கணக்கு வெச்சுக்க ஓர் ஆள் வேணும்" என்றார்.

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். கட்டிலிலிருந்து குரல் வந்தது:

"ஒரு நோட்டுப் புஸ்தகமும் பென்சிலும் கொண்டு வாங்கோ."

*

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பமாகி விட்டது. ஹாலில் வாசல் நிலைக்கு நேராக அத்தையின் நாற்காலி. மடியில் நோட்டு. அதில் அறையின் படம். கோடு போட்டுக் கட்டம் கட்டமாக. மொத்தம் 19 வரிசை, வரிசைக்கு 4 பலகை. முழுப் பலகை மூன்று, பாதி ஒன்று. ஆக 76 பேர். வரிசைகளுக்கு அத்தை எண் கொடுக்கவில்லை, எழுத்துக் கொடுத்தார். அ முதல் ஔ வரை பன்னிரண்டு, ஃ பதின்மூன்று, அப்புறம் க, ங, ச, ஞ, ட, ண. சரியாகப் பத்தொன்பது! "பார்த்தாயா, தொல்லை இல்லாமல் முடிந்தது" என்று அத்தைக்கு ஏகப் பெருமை.

கழற்றுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் சுவரோரத்துக் கட்டைகளை உளியால் மெள்ள நெம்பி எடுத்து, ஆணிகளைப் பிடுங்கினார் ஆசாரி. கடைசியாகப் போட்ட வரிசையைத்தான் முதலில் கழற்ற வேண்டுமாம். நடுவிலிருந்து ஆரம்பித்தால் நாக்கு முறிந்து விடும். ஆகவே 'ண' வரிசையிலிருந்து பின்னோக்கி வந்தார். ஒரு வரிசை முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பக்கமாகத் தூக்கிச் சாய்த்தால், அது பக்கத்து வரிசையை விட்டுத் தானாக விலகி வருகிறது. பிறகு நாலு பலகையையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க வேண்டும். இழுக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. பூப்பறிக்கிற கைதான் அதற்குச் சரி.

ஒவ்வொரு பலகை வெளியே வரும்போதும் என் கணவர் அதைத் திருப்பி, முதுகில் பென்சிலால் எழுதுவார். ஆசாரி, "ண-ஒண்ணு!" என்று கூவுவார். அத்தை நோட்டில் குறித்துக் கொண்டு, "ண-ஒன்று, ஆஜர்!" என்பார். பத்து மணிக்குள் 'பாட்டியம்மா' என்று கூப்பிட்டுக் கொண்டிருந்த ஆசாரி 'டீச்சரம்மா' என்று மாற்றிக் கொண்டு விட்டார். பலகைகளை நான் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நாக்கிலும் பள்ளத்திலும் இருந்த தூசியைத் தட்டி, ஹாலில் மட்டமாக அடுக்கினேன். சுவரில் சாய்த்து நிறுத்தினால் வில்லாக வளைந்து விடும் என்று ஆசாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மனிதர்களுக்குத் தலையில் எழுத்து. பலகைகளுக்கு முதுகில் எழுத்து. ஆனால் எல்லாருடைய எழுத்தும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஜன்னலோரத்தில் இருந்த நாலு பலகை மழைச் சாரல் பட்டு ஓரம் உப்பிப் போயிருந்தது. இந்த மாதிரி உப்பினவற்றுக்கு வைத்தியமே இல்லை. மரமாயிருந்தால் இழைத்துச் சரி பண்ணலாம். இதை இழைத்தால் போட்டோ போய் விடும்! இன்னும் மூன்று பலகைக்கு நாக்கு ஏற்கெனவே முறிந்திருந்தது. மூன்றுமே அந்த 'டக்' இடத்தில் இருந்தவை. ஆக 76-இல் 7 பேர் காலி.

மத்தியானத்துக்குள் தரை முழுவதும் வெளியே வந்தது. அப்போதுதான் விஷயம் வெளிச்சமாயிற்று. பெரிய பாதி பச்சை மொசைக். சின்னப் பாதி மஞ்சள் மொசைக். நடுவே, சுவரை எடுத்த இடத்தில், ஓர் அடி அகலத்துக்குச் சாம்பல் நிறச் சிமெண்ட் பட்டை, பள்ளமாக, சொரசொரவென்று. அந்தப் பள்ளத்தில் என்ன இருந்தது தெரியுமா? அட்டைப் பெட்டித் துண்டுகளும், மடித்துத் திணித்த பத்திரிகைக் காகிதங்களும்! யாரோ ஒரு புண்ணியவான் பள்ளத்தை இப்படித்தான் 'நிரப்பி'யிருக்கிறார். காகிதம் நாளாவட்டத்தில் நசுங்க, மேலே பலகை பாலம் மாதிரி தொங்கிக் கொண்டிருந்திருக்கிறது.

அத்தை அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கிக் கொண்டார். ஒரு தொடர்கதையின் இருபத்திரண்டாவது அத்தியாயம் அதில் இருந்தது. கதாநாயகி ரயிலேறுகிற இடத்தில் 'தொடரும்' என்று போட்டிருந்தது. "அடுத்த வாரம் எந்தப் பலகைக்கு அடியிலேடா இருக்கு?" என்று மகனைக் கேட்டார். ஆசாரி உட்பட எல்லோரும் சிரித்தோம்.

*

"ஏன், அந்த மொசைக்கையே மெருகேற்றி வைத்துக் கொள்ளக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பச்சை, மஞ்சள், நடுவே சாம்பல் பட்டை என்று கொடி மாதிரி ஒரு தரையை வைத்துக் கொண்டு என்ன செய்வது? அதைவிட, விழுந்து எழுந்த ஒருவருக்கு மெருகேற்றின கல்லை விட இந்தப் பலகை காலுக்கு இதம் என்பது அத்தையின் சொந்த அபிப்பிராயம்.

கொத்தனார் ஓர் ஆறடி அலுமினியக் கோலும் ரசமட்டமும் கொண்டு வந்தார். தரைக்கு மட்டம் பார்ப்பதில் இரண்டு விஷயம் இருக்கிறதென்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். அறை முழுவதும் ஒரே பக்கமாக லேசாகச் சரிந்திருந்தால் இந்தப் பலகைகளுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. மேடு பள்ளம்தான் கூடாது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு மீட்டர் நீளத்துக்கு இரண்டு, மூன்று மில்லி மீட்டர் வித்தியாசம் வரைதான் பொறுக்கிறார்கள். கோலைத் தரையில் வைத்து, அதன் அடியில் ஒரு நாணயத்தைத் தள்ளிப் பாருங்கள். ஒன்று நுழைந்தால் கவலையில்லை. இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தும் தாராளமாக நுழைந்தால் அங்கே பள்ளம் என்று அர்த்தம். எங்கள் பட்டையில் பள்ளம் 12 மில்லி மீட்டர். நாணயங்களை அடுக்கியே வைக்கலாம்!

முதலில் பட்டையில் உதிர்ந்து கொண்டிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்தார். இரண்டு பக்கத்து மொசைக்கின் ஓரத்தையும் மெஷின் கொண்டு சொரசொரப்பாக்கினார். வழவழப்பான கல்லில் எதுவும் ஒட்டாதல்லவா! துப்புரவாகப் பெருக்கி, ஒட்டுவதற்கான மருந்தைத் தடவிக் காய வைத்தார். பிறகு, தானே மட்டமாகப் பரவுகிற ஒரு சிமெண்ட் கலவை விற்கிறார்கள். அதில் 25 கிலோ மூட்டை இரண்டு. மூட்டையில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது. தண்ணீர் அதிகமானால் ஊற்றும்போது ஆனந்தமாக ஓடும். காய்ந்த பிறகு மாவாக உதிரும். தோசை மாவுப் பதத்தில் கலக்கி, பட்டையில் ஊற்றி, கொலுற்றால் இழுத்து விட்டார். சில நிமிஷங்களுக்குள் காரியம் முடிந்தாக வேண்டும். கெட்டிப்பட ஆரம்பித்து விட்டால் கை வைக்க முடியாது. இரண்டு ஓரத்திலும் கல்லோடு கல்லாக இழைந்து வருமாறு தேய்த்து முடித்தார். ஜன்னலோரத்தில் காரைக் கட்டி ஒன்று மேடாக ஒட்டிக் கொண்டிருந்தது. அதையும் தேய்த்து எடுத்தாயிற்று.

மறுநாளே அதன் மேல் நடக்கலாம். ஆனால் நடக்கலாம் என்பது வேறு. மூடலாம் என்பது வேறு. ஈரம் உள்ளே இருக்கும்போது மூடி விட்டால் அத்தனையும் பலகைக்குத்தான் ஏறும். இதற்கு ஆசாரி ஒரு சுலபமான சோதனை சொன்னார். இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நாலாம் நாள் பார்த்தோம். முத்து முத்தாக வியர்த்திருந்தது. சென்னைக் காற்றைப் பற்றிக் கேட்க வேண்டுமா! பத்தாம் நாள் பார்த்தோம், சுத்தமாகக் காய்ந்திருந்தது.

அந்தப் பத்து நாளும் ஹாலில் ஒரு பக்கம் அத்தையின் கட்டில், இன்னொரு பக்கம் பலகைக் குவியல். வந்தவர்களெல்லாம் அதன் மேல் உட்காரப் பார்த்தார்கள். "அது வகுப்பறை. உட்காரக் கூடாது" என்று அத்தை விரட்டினார்.

*

அத்தை சும்மா இருக்கவில்லை. ஏழு பலகை குறைகிறதே, அதற்கென்ன வழி? கடைகளில் விசாரித்ததில் அந்த நிறம் இப்போது வருவதில்லை என்று சொல்லி விட்டார்கள். வேறு கம்பெனிப் பலகை வாங்கினால் நிறம் ஒத்துப் போனாலும் நாக்கும் பள்ளமும் ஒத்துப் போகாது. அத்தை நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு பலகை நாலடி நீளம், எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம். சுமார் இரண்டரைச் சதுர அடி. ஏழு பலகைக்குப் பதினேழரை. சுவரோரம் இரண்டு அலமாரிகள் நிற்கிற இடம் 9 அடிக்கு 2 அடி, பதினெட்டு! அலமாரிக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கே மட்டும் அதே கனத்தில் ஒட்டுப்பலகை போட்டு விட்டு, அந்தப் பலகைகளை மற்ற இடத்துக்கு அனுப்பலாம் என்றார்.

ஆசாரி கன்னத்தில் கை வைத்துக் கொண்டார். "டீச்சரம்மா, அது இன்னொரு விதத்திலேயும் நல்லது. இந்தத் தரை மிதக்கிற தரை. பெரிய பாரத்தைத் தூக்கி ஓர் ஓரத்திலே வெச்சா நகர முடியாம தவிக்கும். அலமாரி தனியா நின்னுக்கிட்டா தரைக்கு விடுதலை" என்றார்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அலமாரிக்கு அடியில் இருந்த பலகைகள் வெயிலே படாதவை; புதுப் பெண் மாதிரி பளிச்சென்று இருந்தன. மற்றவை கொஞ்சம் வெளுத்திருந்தன. பளிச்சை நடுவில் போட்டால் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். ஆகவே பளிச்சென்று இருந்தவற்றைக் கட்டிலுக்கு அடியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்தவற்றை ஜன்னல் பக்கம் போடத் தீர்மானித்தார் அத்தை. நோட்டில் 'மாற்றல் உத்தரவு' என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதினார். முறிந்த மூன்றையும் அறுத்து, நாக்கு வேண்டாத சுவரோரத்தில் ஒட்டுக்கு வைத்துக் கொண்டார்கள்.

திரும்பப் போடுகிற வேலை ஒன்றரை நாள். பழைய ஸ்பாஞ்சு விரிப்பு நசுங்கிக் கிழிந்திருந்ததால் அதை மட்டும் புதிதாக வாங்கினோம். அதன் அடியில் ஈரம் ஏறாமலிருக்கப் பிளாஸ்டிக் தாள். 'அ' வரிசையிலிருந்து ஆரம்பித்தார்கள். அத்தை பேர் கூப்பிட, நான் குவியலிலிருந்து எடுத்துக் கொடுக்க, ஆசாரி சாய்த்துச் செருகி அமுக்க, 'க்ளிக்' என்று பதில் வரும். சுவரைச் சுற்றிலும் 10 மில்லி மீட்டர் இடம் விட்டார். முன்பு போட்டவர் ஜன்னல் பக்கம் சுவரோடு ஒட்டி முட்டக் கொடுத்திருந்தாராம். மழைக் காலத்தில் பலகை ஈரக் காற்றைக் குடித்துச் சற்றுப் பெருக்கும். நகர இடமில்லாவிட்டால் நடுவில் வயிற்றை உப்பிக் கொள்ளும். அந்த இடைவெளியைச் சுவரோரத்துக் கட்டை மறைத்து விடுகிறது. கட்டைக்கு ஆணி சுவரில்தான் அடிக்க வேண்டும். தரையில் அடித்தால் மறுபடி கட்டிப் போட்ட மாதிரிதான்.

ஆன செலவெல்லாம் சேர்த்து, புதுத் தரைக்கு அந்த முதல் மனிதர் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிற்று.

*

இந்த மாதிரித் தரை உள்ள சகோதரிகளுக்கு நான் கண்டறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் தரை பசை போட்டதா, க்ளிக் தரையா என்று முதலில் தெரிந்து கொள்ளுங்கள். பசை போட்டதென்றால் முழுசாகக் கழற்றுவதை மறந்து விட வேண்டியதுதான். க்ளிக் தரையும் எத்தனை தரம் வேண்டுமானாலும் கழற்றுவதற்கல்ல. ஒவ்வொரு தரமும் பிடிப்புக் கொஞ்சம் தளரும். ஆகவே எடுக்கிறபோதே கீழ்த் தரையை ஒழுங்காகச் சரி பண்ணி விடுங்கள். மீந்த பலகை ஒன்று இரண்டு இருந்தால் பரண் மேல் மட்டமாகப் படுக்க வையுங்கள். பின்னால் தங்கமாக உதவும். வீணாய்ப் போனவற்றை அடுப்பில் வைக்காதீர்கள். பிசின் சேர்ந்த பலகை. அதன் புகை ஆகாது.

துடைப்பதற்கு வாளித் தண்ணீரைக் கொட்டக் கூடாது. துணியை ஒட்டப் பிழிந்து துடைத்தால் போதும். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணுக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை. "தண்ணி ஊத்தாம என்னம்மா சுத்தம்?" என்று இன்னமும் கேட்கிறாள். ஜன்னலோரத்தில் சாரல் அடித்தால் உடனே துடைத்து விடுகிறேன். அந்த நாலு பலகைக்கு நேர்ந்த கதி மற்றவற்றுக்கு வர வேண்டாம்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் அத்தையை நாங்கள் யாரும் அழைக்கவில்லை. நான் அடுக்களையில் காப்பிக்குப் பால் வைத்துக் கொண்டிருந்தேன். வாக்கரின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அத்தை அந்த இடத்துக்கு வந்து வழக்கம் போல் நின்றார். கீழே பார்த்தார்.

"எ-இரண்டு!" என்றார் சற்று உரக்க.

வாக்கரை நகர்த்தி வைத்தார். ஒரு கால், பிறகு இன்னொரு கால். பலகை அசையவில்லை.

"இத்தனை நாள் எதிர்த்துப் பேசிண்டிருந்த பிள்ளை, இன்னிக்கு வாயையே திறக்கலையே!" என்று சொல்லிக் கொண்டே ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக் கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "காப்பியை இங்கேயே கொண்டு வந்துடும்மா. நாற்காலியையும் அவனைப் போடச் சொல்லு. பள்ளிக்கூடம் விடற நேரம்" என்றார்.